அமாவாசை ஜுரம்

மெயில் வண்டியிலே வந்து இறங்கினா யாருக்கும் கால் கனக்கத்தான் கனக்கும். அந்தச் சாய்வு நாற்காலியிலே காலை நன்னா நீட்டிண்டு உட்காரும். கூச்சப்பட வேண்டாம். ஹவுரா பாலத்தை வெயில்லே நடந்து தாண்டி, டிராம் பிடிச்சு, பவானிப்பூர்லே இந்தச் சந்திலே நம்மாத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு வரதுன்னா லேசா? நீர் கை கால் அலம்பிண்டிருந்தபோது வேலைக்காரப் பையன் ஹரியை ஒரு நோயாளி விஷயமா வெளியிலே அனுப்பினேன். இல்லேன்னா அவனை விட்டு இளநீர் வெட்டித் தரச் சொல்லியிருப்பேன். இந்த ஊர்லே இளநீருக்குப் பஞ்சமில்லே. காபிதான் வாயிலே வைக்க விளங்காது.

வாசல்லேயே ஒரு கேள்வி கேட்டீர். 'எங்க அண்ணாவுக்கு மாசாமாசம் ஜுரம் வருமே, அது என்ன ஜுரம்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?'ன்னு. கோர்ட்டு குமாஸ்தா இல்லையா, கேள்வியைக் கச்சிதமாக் கேட்கறீர். உம்ம அண்ணா மஹாதேவன் உம்மைப் பத்தி ஓயாம சொல்லுவார். 'எங்க பாலசுப்ரமணியன் ஒரு விஷயத்தைப் பிடிச்சா உடும்புப் பிடி, டாக்டர் சார்'னு பெருமையாச் சிரிப்பார். அவருக்கு அந்த ஜுரம் உண்டுன்னு ஊர்லே யாருக்குமே தெரியாது. நீர் எப்படிக் கண்டுபிடிச்சீர்னு எனக்குப் புரிஞ்சுடுத்து. அதைக் கடைசியிலே சொல்றேன்.

பதிலும் சொல்றேன். மறைக்கறதுக்கு என்கிட்டே ஒண்ணுமில்லே. ஆனா நடுவிலேருந்து சொன்னா நான் ஏதோ பொல்லாதவன்னு தோணும். முதல்லேருந்து சொல்றேன், குறுக்கே பேசாம கேளும்.

இங்கே டாக்டர் தொழில் பண்றவனுக்கு ஒரு சட்டம் இருக்கு. பிளேக்குன்னு சந்தேகம் வந்தாப் போதும், நிச்சயம்கூட வேண்டாம், பார்த்த டாக்டர் உடனே ஹெல்த் ஆபீசுக்குத் தெரிவிச்சாகணும். தவறினா தண்டனை. பேரும் போகும், தொழிலும் போகும். தெரிவிச்சா வண்டி வரும். தனி அறை, பார்த்துக்க ஆளுன்னு வசதியா இருக்கறவாளை வீட்டிலேயே விட்டுடுவா. மெஸ்ஸிலேயும் ஒண்டுக்குடித்தனத்திலேயும் இருக்கறவாளைப் பிளேக் ஆஸ்பத்திரிக்கு எடுத்துண்டு போயிடுவா. அப்புறம் வீடு பூரா மருந்துத் தண்ணி, சுண்ணாம்பு, வாசல் சுவர்லே ஒரு அடையாளம். அந்த அடையாளம் அழிஞ்ச பிறகும் ரொம்ப நாளைக்கு அந்த வாசப்படியை யாரும் மிதிக்க மாட்டா. நம்ம மனுஷா இந்த ஊர்லே எத்தனை பேர் இருக்கோம்? பாங்கு, கம்பெனி, சர்க்கார் ஆபீசுன்னு வந்து ஒட்டிண்டிருக்கற கொஞ்சம் குடும்பங்கள். இங்கே ஒருத்தர் ஆத்திலே தும்மினா ஹவுராவிலே இருக்கறவா கஷாயம் சொல்லி அனுப்புவா.

கடுமையான சட்டம்தான். ஆனா நியாயமான சட்டம். நான் எப்பவும் அதை மதிக்கறவன். இந்த ஊர் டாக்டர்கள்லே பல பேர் பெரிய மனுஷாத்து கேஸுன்னா டைபாயிடுன்னு மழுப்பிடறது உண்டு. நான் மழுப்பினதில்லே. ஒரே ஒரு தடவை தவிர.

மாசி மாசம் என் பெண் மீனாக்ஷிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வெங்கடராமன், வெள்ளைக்காரன் கம்பெனியிலே தலைமைக் கணக்கர். ஒரே பிள்ளை. நல்ல இடம், நல்ல மனுஷா, ஜாதகம் பத்துப் பொருத்தமும் அமைஞ்சுது. மீனாக்ஷிக்குக் கொஞ்சம் மாறுகண். ரெண்டு இடம் பார்த்துட்டுப் பதிலே சொல்லாம போயிட்டா. வெங்கடராமன் பார்த்துட்டு, 'குழந்தை லக்ஷ்மி கடாக்ஷமா இருக்கா'ன்னார். அன்னிக்கு நான் பூஜை அறைக்குள்ளே போய் அழுதேன். அது ஒருத்தருக்கும் தெரியாது, உம்மகிட்டேதான் சொல்றேன்.

பந்தக்கால் நட்ட மறுநாள் என் மச்சினன் ராகவேந்திரனுக்கு ஜுரம் கண்டுது. என் ஆத்துக்காரி நாகலக்ஷ்மிக்கு ஒரே தம்பி, கல்யாண வேலைக்குன்னு வந்தவன். அக்குள்லே எலுமிச்சம்பழம் பருமனுக்குக் கட்டி. கண் சிவந்து, நாக்கு வெளுத்து, பேச்சுக் குழறித்து. நான் எத்தனையோ பார்த்தவன். சந்தேகத்துக்கே இடமில்லே. நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை வாயிலே அடக்கிண்டு என் முகத்தையே பார்த்துண்டு நின்னா. நான் மாடி அறைக் கதவைச் சாத்தினேன். கீழே வந்து, 'மலேரியா, யாரும் தொந்தரவு பண்ணாதேங்கோ'ன்னேன். பெண்ணைப் பெத்தவன் வேற என்ன பண்ணுவான்?

உம்ம அண்ணா அடுத்த சந்திலே மெட்ராஸி மெஸ்ஸிலே இருந்தார். ஆபீஸ் விட்டா நேரே நம்மாத்துக்குத்தான் வருவார். கல்யாண வேலையெல்லாம் அவர் தலையிலேதான். சமையல்காரனைப் பிடிச்சது, வாழையிலைக்குச் சொன்னது எல்லாம் அவர். நாயனக்காரன் இந்த ஊர்லே ஏது? அதுக்கு ஒரு ஷெனாய்க்காரனைப் பிடிச்சு, அவனுக்குக் கெட்டிமேளம்னா எப்போ, எப்படின்னு வாயாலேயே ஊதிக் காட்டிப் பழக்கினார். வீடே சிரிச்சுது. அந்த மனுஷர் ஜமக்காளம் எடுக்க மாடிக்குப் போனார். யாரும் போக வேண்டாம்னு சொல்லியிருந்தேன். வேலை மும்முரத்திலே மறந்துட்டார்.

இறங்கி வந்து என்னைக் கிணத்தடிக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர் சார், மேலே இருக்கறது மலேரியா இல்லே."

"நீர் எப்போ ஐயா டாக்டருக்குப் படிச்சீர்?"ன்னேன், சிரிச்சுண்டே.

அவர் சிரிக்கலே. "ஊரே சாப்பிட வரப்போறது. குழந்தை குட்டியெல்லாம் வரும். நீங்கோ தெரிவிச்சுடுங்கோ. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளினா ஒண்ணும் முழுகிப் போயிடாது. வெங்கடராமன் சார்கிட்டே நான் வந்து பேசறேன். நீங்கோ சொல்லலேன்னா நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களை மீறிப் பண்ண எனக்கு மனசு வரலே. அமாவாசை கழியற வரைக்கும் பார்க்கறேன்."

எனக்குக் கோபம் வந்ததுன்னு நினைக்காதேயும். அவர் சொன்னது நியாயம். அவகாசம் கொடுத்தார் பாரும், அதிலேயே அவர் குணம் தெரியறது. எனக்குப் பயம்தான் வந்தது. அந்த ரெண்டு நாளும் நான் சாப்பிடலே.

அமாவாசை அன்னிக்கு உம்ம அண்ணா தானாகவே இங்கே வந்தார். போர்வையை இழுத்துப் போத்திண்டு, பல்லு கிட்டிக்க, வலது காலை இழுத்து இழுத்து வச்சுண்டு. கட்டில்லே படுக்க வச்சுப் பார்த்தேன். நல்ல ஜுரம். தொடை இடுக்கிலே நெறி கட்டியிருந்தது.

தஞ்சாவூர் ஜில்லாக்காரருக்கு நான் இதைச் சொல்லித் தரணுமா? யானைக்கால் ஜுரம். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும், குளிரும், நெறி கட்டும், மூணாம் நாள் தானே இறங்கிடும். கால் வீங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்த ஜுரம் வந்து போயிண்டிருக்கும். உம்ம அண்ணா காலிலே ஒரு அடையாளமும் கிடையாது. உம்ம கேள்விக்குப் பதில் இதுதான். தெரியும். வருஷக்கணக்கா நான்தான் அதுக்கு மருந்து கொடுத்துண்டு வந்தேன்.

வேற ஒருத்தருக்கும் அவர் சொல்லலே. மெஸ்ஸிலே கேட்டா ஜலதோஷம்பார். ஆபீசிலே ஏதாவது சாக்குச் சொல்லி லீவு வாங்குவார். எல்லாம் யாருக்காக? உமக்காகத்தான். 'குடும்பத்திலே யானைக்கால்னு தெரிஞ்சா என் தம்பிக்கு எவன் பெண் கொடுப்பான்? என் ஆத்துக்காரி ஜலஜாகிட்டேயே நான் வாயைத் திறக்கலே. நீங்களும் மூச்சு விடப்படாது'ன்னு என் கையிலே அடிச்சுச் சத்தியம் வாங்கிண்டார். நானும் பண்ணிக் கொடுத்தேன். அழாதேயும். நீர் அழணும்னு சொல்லலே. நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

வெந்நீர் கொடுத்தேன். கம்பளி போர்த்தினேன். அவர் கண்ணை மூடிண்டு, "என்னாலே இனிமே ஹெல்த் ஆபீசுக்கு நடந்து போக முடியாது, டாக்டர் சார். நீங்களே ரிப்போர்ட் எழுதி அனுப்பிடுங்கோ. இன்னிக்கே"ன்னார். "இப்பவே எழுதறேன்"னேன். இதோ, இந்த மேஜையிலே உட்கார்ந்து எழுதினேன். பேர் மஹாதேவன். இடம் மெட்ராஸி மெஸ். ஜுரம், தொடை இடுக்கிலே கட்டி, பிளேக்குன்னு சந்தேகம். ஒரு வார்த்தை பொய் இருக்கா பாரும். ஜுரம் இருந்தது. கட்டி இருந்தது. சந்தேகம்ங்கறது அவாவா மனசைப் பொறுத்தது. பிளேக் கட்டியும் நெறியும் ஒரே இடத்திலேதான் வரும். இதை நான் உண்டாக்கலே.

வாடகைப் பல்லக்கு ஒண்ணு பிடிச்சு அவரை மெஸ்ஸுக்கு அனுப்பி வச்சேன். நம்மாத்து வாசல்லே வண்டி வந்து நின்னா நன்னாயிருக்காது. சாயங்காலம் வண்டி அங்கே வந்தது. நானும் கூடப் போனேன். நோயாளியை நிர்க்கதியா விடறது என் வழக்கமில்லே. ஆட்கள் அவரைத் தூக்கினபோதுதான் அவருக்குப் புரிஞ்சுது. 'எனக்கில்லே, டாக்டர் ஆத்து மாடியிலே போய்ப் பாருங்கோ'ன்னு இங்கிலீஷிலே சொன்னார், ஹிந்துஸ்தானியிலே சொன்னார், தெரிஞ்ச வங்காளியிலேயும் சொன்னார். ஆட்கள் என்னைப் பார்த்தா. "ஜுர வேகம், பிதற்றறார்"னேன். என்னைப் பார்த்துண்டே போனார். வையலே, சபிக்கலே. வாய்க்கு வந்தபடி வைதிருந்தார்னா எனக்கு இவ்வளவு சங்கடம் இருக்காது.

இத்தோட முடிஞ்சிருக்கணும். மூணாம் நாள் நிவாரண் பாபு வந்துட்டார். பிளேக் ஆஸ்பத்திரியிலே சின்ன டாக்டர், வங்காளிப் பையன், கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம உள்ளே போயிருந்தது. நீர் உட்கார்ந்திருக்கற இதே நாற்காலியிலேதான் உட்கார்ந்தார். வெளியிலே பந்தல்லே மாவிலை கட்டிண்டிருந்தா. முகூர்த்தம் மறுநாள்.

"டாக்டர் மோஷாய், உங்க நோயாளிக்கு ஜுரம் இறங்கிடுத்து. கட்டியும் வத்தறது. அமாவாசைக்கு அமாவாசை இப்படி வரும், நீங்கதான் மருந்து கொடுக்கறதுன்னு சொல்றார். எங்க பக்கத்திலேயும் அந்த வியாதி உண்டு. ஆமாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னிக்கே அனுப்பிடறேன். பக்கத்துக் கட்டில்லே ஒருத்தன் ரத்தமா இருமிண்டு கிடக்கான். இவரை அங்கே வச்சிருக்கவே எனக்குப் பயமா இருக்கு"ன்னார்.

யோசிச்சேன். யோசிக்கலேன்னு சொன்னா அது பொய். ஆமாம்னா அவர் வெளியிலே வருவார். வந்த கையோட எங்கே போவார்னு எனக்குத் தெரியும். உள்ளே மீனாக்ஷிக்கு மருதாணி இட்டுண்டிருந்தா, அவ சிரிக்கற சத்தம் இங்கே கேட்டுது. அதோட சத்தியம் வேற இருக்கே. நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தைக் கட்டிக் காக்கறதுதானே வைத்தியனுக்கு முதல் தர்மம்? உயிரே போனாலும் சொல்லப்படாதுன்னு அவரே கேட்டு வாங்கிண்ட சத்தியம். "அப்படி ஒரு ஜுரம் அவருக்கு வந்து நான் பார்த்ததில்லே"ன்னேன். நிவாரண் பாபு குடையைக் கையிலே எடுத்துண்டார். "நீங்க அவர் தேசத்து மனுஷர். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னு எழுந்தார். வெறுங்கையோட போகப்படாதுன்னு தாம்பூலம் கொடுத்து அனுப்பினேன்.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்தது. மாடியிலே ராகவேந்திரன் முனகின சத்தம் ஷெனாய்லே அமுங்கிப் போச்சு. கெட்டிமேளம் மட்டும் சரியான சமயத்திலே வந்தது. யார் பழக்கினதுன்னு நினைச்சுண்டேன். எனக்கும் மனசு உண்டு. ராகவேந்திரனுக்குக் கட்டி பழுத்து உடைஞ்சு, பிழைச்சுண்டான். இப்போ ராணிகஞ்ச்லே நிலக்கரிக் கம்பெனியிலே இருக்கான். பரிமாற வந்த விஜயலக்ஷ்மி மாமிதான் பாவம், அந்த வாரமே படுத்துண்டா, அவ பின்னாடியே அவ கைக்குழந்தையும். ரெண்டு பேரும் பிழைக்கலே. மாமியைப் பார்த்த அடுத்த நிமிஷம் நான் தெரிவிச்சேன். எந்த டாக்டரும் இவ்வளவு சுருக்கத் தெரிவிக்கறதில்லேன்னு ஹெல்த் ஆபீசர் எல்லார் எதிர்லேயும் சொன்னார்.

உம்ம அண்ணாவுக்கு அதுக்குள்ளே அந்த இருமல் வந்துடுத்து. பக்கத்துக் கட்டில்காரன்கிட்டேருந்துதான். நான் அவரைக் கைவிடலே. அங்கே யாரோ சமைச்ச சாதத்தை அவர் தொட மாட்டாரேன்னு தினமும் நம்மாத்திலேருந்து மிளகு ரசம் வச்சுக் கூஜாவிலே அனுப்பினேன். கூஜா போனபடியே திரும்பி வரும். நாகலக்ஷ்மி அதைக் கொல்லையிலே கொட்டிட்டு, மறுநாள் மறுபடி வைப்பா. ஒரு நாள் கூஜா வரலே, சேதிதான் வந்தது. பிளேக்குன்னு நான் எழுதினேன், பிளேக்கிலேதான் அவர் போனார். என் ரிப்போர்ட் தப்புன்னு இன்னிக்கு எந்த ஆபீசரும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நான் ஏன் உம்மகிட்டே இவ்வளவு விஸ்தாரமாச் சொல்றேன்னு பார்க்கறீர். எழுந்திருக்கப் பார்க்கறீர், முடியலே. மெள்ள. விழுந்து வைக்காதேயும். வாசல்லே உம்ம கையைப் பிடிச்சு உள்ளே அழைச்சுண்டு வந்தேனே, அப்பவே தெரிஞ்சுது. கை கொதிக்கறது. வலது காலை ஊணாம விந்தி விந்திப் படியேறினீர். நாளைக்கு அமாவாசை. அண்ணாவோட ஜுரத்தை நீர் எப்படிக் கண்டுபிடிச்சீர்னு கடைசியிலே சொல்றேன்னேனே, இதுதான். உமக்கும் அது வரது. தன் உடம்பிலே வர ஜுரத்தை அண்ணா உடம்பிலே பார்த்தா அடையாளம் தெரியாதா? அவர் உமக்காக மறைச்சார், நீர் அவருக்காக மறைச்சீர். உம்மாத்திலே ஒருத்தருக்கும் தெரியாது. கல்கத்தாவிலே என் ஒருத்தனுக்குத்தான் தெரியும், நானும் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்.

நிவாரண் பாபுகிட்டே சொல்லலாம்னு நினைச்சீர்னா, அவரை டாக்காவுக்கு மாத்திட்டா. மத்தவா, ஜுரத்திலே கிடக்கறவன் சொல்றதை எழுதிக்கறதில்லே. உம்ம அண்ணா சொன்னதையே யாரும் எழுதிக்கலே.

எனக்கு உம்மேலே ஒரு விரோதமும் இல்லே. நம்பும். என் ஆயுசிலே நான் பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு ராகவேந்திரனைத் தெரிவிக்காம விட்டேன். அந்தக் கைக்குழந்தை முகம் இன்னும் கண்ணிலேயே நிக்கறது. கடமையிலே தவறினா என்ன ஆகும்னு அன்னிக்குத் தெரிஞ்சுண்டேன். அதுக்கப்புறம் ஜுரமும் கட்டியுமா என் வாசப்படி ஏறின ஒருத்தரையும் நான் தெரிவிக்காம விட்டதில்லே.

ஹரியை ஒரு நோயாளி விஷயமா அனுப்பினேன்னேனே, வந்துட்டான் போலிருக்கு. வண்டிச் சத்தம் கேட்கறதா? காலை நீட்டினபடியே இரும், அவாளே வந்து தூக்கிப்பா. சாப்பாட்டைப் பத்தியும் விசாரப்பட வேண்டாம். தினமும் நம்மாத்திலேருந்து மிளகு ரசம் வரும்.